கேட்பதற்கு முன் எல்லாம் வந்துவிடும் வீடு

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வகுப்பெடுப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. என்னைவிடப் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு டேப்லெட் வேறு கையில் இருக்கிறது. நான் பார்த்த வேலை வேறு. கடல் தாண்டித் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளைப் போடியிலும் சுற்று ஊர்களிலும் நல்ல குடும்பங்களாகப் பார்த்துத் தங்கவைப்பது, பிறகு அந்தப் பிள்ளைகளின் ஏக்கத்தையும் அந்தக் குடும்பங்களின் வருத்தத்தையும் சேர்த்துச் சுமப்பது. ஓய்வு பெற்றபின் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

கோடைக்கால வகுப்பு என்பது அவர்கள் நாட்டுக் கணக்கு. அவர்களுக்குக் கோடை என்றால் நமக்கு ஆனி, ஆடி. மலையிலிருந்து இறங்கும் காற்று கதவை அறைந்து சாத்தும், சாரல் விடாது. வெயில் கொளுத்தும் என்று கேள்விப்பட்டு மெல்லிய பருத்திச் சட்டைகளோடு வந்து இறங்குவார்கள். முதல் வாரத்திலேயே பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். தங்கியிருக்கும் வீட்டு அம்மாக்கள் சுக்கையும் மிளகையும் தட்டிக் கஷாயம் வைப்பார்கள். அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது எனத் தெரியாமல் குடித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் வந்து அந்தச் சொல்லைக் கேட்பார்கள். நம் பாடத்திட்டம் உண்மையில் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அப்படி வந்தவள்தான் ஹன்னா. ஜெர்மனிக்காரி. தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். வந்த அன்று நாங்கள் வைத்த தேர்வில் அவள் எழுதிய கட்டுரையை ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். நம் பிள்ளைகள் இப்படி எழுதினால் கையெடுத்துக் கும்பிடலாம் என்றார் ஒருவர். ஆனால் நேரில் ஏதாவது கேட்டால் சரி, நன்றி, நல்லது, இவ்வளவுதான் பதில். அதற்கு மேல் முகம் சிவந்துவிடும்.

அவளுக்குப் பேச்சுதான் முக்கியம். போடியிலிருந்து தினமும் காலையில் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், தானே அவர்களோடு உட்கார்ந்து பேசி. அதற்கான உதவித்தொகை கிடைப்பது எங்கள் வகுப்பின் முடிவில் நடக்கும் பேச்சுத் தேர்வைப் பொறுத்தது. முன்பின் தெரியாத ஒருவர் வருவார். அவரோடு இயல்பாக உரையாட வேண்டும். தேறாவிட்டால் ஊருக்குப் போய் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

அதனாலேயே அவளை ஜெயசீலி வீட்டில் தங்கவைத்தோம். ஜெயசீலியின் கணவருக்குப் போடி கடைவீதியில் பாத்திரக்கடை. மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கடைவீதிக்குப் பின்னால் சர்ச்சுக்குப் போகும் தெருவில் வீடு. எங்களிடம் இருந்த வீடுகளிலேயே அதுதான் முதல்தரம். அங்கே தங்கிய பிள்ளைகள் போகும்போது அழுதுகொண்டுதான் போவார்கள். ஹன்னாவைப் போன்ற கூச்சக்காரிக்கு அந்த வீடுதான் பொருத்தம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம்.

பாதிக் காலம் போயிற்று. ஹன்னாவின் பேச்சு, அவள் வந்த அன்று இருந்த இடத்திலேயே நின்றது. அதே சமயம் பக்கத்துத் தேவாரம் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் தங்கியிருந்த பையன் ஒருவன், எழுத்தைக்கூட ஒழுங்காகக் கூட்டத் தெரியாதவன், தோட்டத்துக்குள் புகுந்த ஆட்டைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அவனைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. சோறு வேண்டுமென்றால் கத்திக் கேட்க வேண்டும். அவன் கத்தினான்.

ஹன்னாவுக்குக் கூடுதல் வகுப்பு வைக்கலாம் என்றார்கள் நம் ஆசிரியர்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேராக ஜெயசீலி வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான்: ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் அதன் புத்தகத்தைப் பார்க்காதீர்கள், அது சாப்பிடுகிற இடத்தைப் போய்ப் பாருங்கள்.

ஹன்னாவும் நானும் உட்கார்ந்தோம். ஜெயசீலி நின்றுகொண்டே பரிமாறினாள். ஹன்னாவின் கண் உப்புக் கிண்ணத்தின் பக்கம் போனது. உப்பு இலைக்கு வந்தது. அவள் கழுத்தைத் துடைத்தாள், மின்விசிறி வேகமெடுத்தது. டம்ளரில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை. குழம்புச் சோறு முடிந்து ஹன்னா தொண்டையைச் செருமினாளோ என்னவோ, ரசம் தயாராக நின்றது. சாப்பாடு முடியும்வரை அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அவசியமே வரவில்லை. அவ்வளவு அருமையான உபசாரத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு விஷயம் விளங்கியது.

கை கழுவியதும் ஜெயசீலியை அடுப்படிக்குக் கூட்டிப்போனேன்.

“ஜெயசீலி, நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிக்கக் கூடாது. இனிமே அந்தப் புள்ள வாயத் தொறந்து கேக்குற வரைக்கும் எதையும் வைக்காத.”

அவள் கையில் இருந்த கரண்டியை அப்படியே பாத்திரத்துக்குள் விட்டாள். “என்ன டீச்சர் பேசுறீக? வீட்டுக்கு வந்த புள்ளயப் பட்டினி போடச் சொல்றீகளா?”

“பட்டினி இல்ல. கேட்டதும் குடு.”

“கேக்க விடுறதே அவமானம் டீச்சர். வந்தவுக வாயால ஒண்ணக் கேட்டுட்டா, அந்த வீட்டுல பொம்பள இருந்து என்னத்துக்கு? எங்க மாமியா அப்படித்தான் வச்சிருந்தாக, நானும் அப்படித்தான் வச்சிருக்கேன்.”

“அப்ப அந்தப் புள்ளைக்குப் பேச்சு வராது.”

“வராட்டி வேற வீடு பாத்துக்கங்க.” சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

வேறு வீடு பார்ப்பது எனக்கு ஒரு மணி நேர வேலை. அலுவலகத்திலும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் போடி கடைவீதியை நீங்கள் அறியமாட்டீர்கள். பெட்டியும் கையுமாக ஹன்னா அந்தத் தெருவில் இறங்கினால், ஜெயசீலி வீட்டில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சரியாகச் சோறு போடவில்லையாம் என்ற பேச்சு பெரியகுளம் வரைக்கும் போய்விடும். நல்ல மனசு ஒன்றுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவா? ஹன்னாவுக்கும் அது நல்லதில்லை. அவள் அந்த அம்மாவிடம் பசை போல ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஹன்னாவிடமும் கேட்டேன். யோசித்து யோசித்து எழுத்துத் தமிழில் சொன்னாள்: “நான் வாக்கியத்தை மனத்துக்குள் தயார் செய்கிறேன். அது முடிவதற்குள் பொருள் வந்துவிடுகிறது. பிறகு அந்த வாக்கியத்தை என்ன செய்வது?”

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது, ஜெயசீலியையும் முடியாது. இருவரையும் அப்படியே வைத்துக்கொண்டு எதை மாற்றுவது என்று யோசித்தேன். நான் நல்லாசிரியர் விருதெல்லாம் வாங்கியவள் இல்லை. ஆனால் இந்த யோசனை என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் யார் பேசுவது என்று நினைத்துப் பாருங்கள். சாப்பிடுகிறவர் பேசுவதில்லை. பரிமாறுகிறவர்தான் ஓயாமல் பேசுகிறார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, என்ன கொறிக்கிறீக, குழம்பு பிடிக்கலையா, ஊரில் மழை உண்டா, அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததா. ஹன்னா கரண்டி பிடிக்கும் பக்கம் வந்துவிட்டால் போதும்.

மறுபடி ஜெயசீலியிடம் போனேன். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று ஆரம்பித்தாள்.

“உன் மக கம்பத்துலருந்து வந்தா என்ன செய்வா?” என்று கேட்டேன்.

“என்ன செய்வா, எல்லாம் செய்வா. அவதான் பரிமாறுவா. நான் ஒரு நா உக்காந்து சாப்பிடுவேன்.”

“அப்ப இந்தப் புள்ளய நீ மகளா வச்சிருக்கியா, இல்ல கெளம்புற வரைக்கும் விருந்தாளியாவே வச்சிருக்கியா?”

அவள் திரும்பிக்கொண்டு கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். தகரக்கடைச் சத்தம். வார்த்தை கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ என்ற பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். தங்கவைத்த குடும்பத்தின் மனசு முறிந்தால் இந்தத் தொழிலில் மறுபடி ஒட்டவைப்பது கஷ்டம்.

மறுநாள் காலை ஹன்னா வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என்ன என்று கேட்டேன்.

“அம்மா என்னைத் திட்டினார்கள்,” என்றாள், பரிசு வாங்கியவள் போல. கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னார்களாம். புதினா வாங்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். “இதக் கூடப் பாக்காம காச நீட்டிட்டு வந்தியா, போ, போய் மாத்திட்டு வா” என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள் ஜெயசீலி. கடைக்காரரிடம் வாதாடி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் இந்தப் பெண். நீங்க, வாங்க, உக்காருங்க என்று இருந்த வீட்டில் இப்போது “ஏ ஆத்தா, இங்கன வா” என்ற சத்தம் தெருவுக்குக் கேட்க ஆரம்பித்தது. வீட்டில் பரிமாறுகிறவள், ஜெயசீலியின் கணவருக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள் எல்லாம் ஹன்னாதான் என்று கடைவீதிக்கே தெரிந்துபோனது.

இனித் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். தேர்வுக்கு முன் அலுவலகத்தில் ஒரு ஒத்திகை வைத்தோம். குளிர்சாதன அறை, மேசை, எதிரில் ஓர் ஆள். ஹன்னா உட்கார்ந்தாள், அத்தோடு சரி. மறுபடி சரி, நன்றி, நல்லது. கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த இடத்தில்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தேர்வை ஜெயசீலி வீட்டில், சாப்பாட்டு நேரத்தில் நடத்துவோம் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தேர்வு வைக்க வர்றவங்களுக்குச் சோறு போட்டு மார்க் வாங்குறதான்னு கேப்பாங்களே?”

“முன்பின் தெரியாதவரோடு இயல்பாப் பேசணும்கிறதுதானே நிபந்தனை. எந்த அறையில உக்காந்துன்னு யாரும் சொல்லலையே. வர்ற அம்மாகிட்டயும் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுட்டேன். சம்மதம்னுட்டாங்க.”

“கெட்டுப்போச்சுன்னா?”

“என் பொறுப்பு,” என்றேன். அப்படிச் சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, நேராக ஜெயசீலி வீட்டுக்கு விடச் சொன்னேன்.

தேர்வு வைக்க வந்தவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியை. கண்டிப்பான முகம். அளந்து பேசுகிறவர். ஏற்பாடு இதுதான்: ஹன்னா பரிமாற வேண்டும், நானும் ஜெயசீலியும் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது, எழக் கூடாது. ஜெயசீலியிடம் சத்தியமே வாங்கியிருந்தேன். சமையலை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய மனுஷி வீட்டுக்கு வரும்போது கோழி இல்லாமல் எப்படி என்று விடியும் முன்பே ஆரம்பித்திருந்தாள். கோழிக் குழம்பு, கோழி வறுவல், முட்டை. ரசம்கூட அன்றைக்குக் கோழி ரசம்தான்.

பேராசிரியை இலை முன் உட்கார்ந்தார். ஹன்னா குழம்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தாள்.

பேராசிரியை கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டினார். “ஐயோ, வேண்டாம்மா. இன்னிக்கு ஆடி வெள்ளி. நான் அசைவம் தொடமாட்டேன்.”

எனக்கு உலகம் நின்றுவிட்டது. ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் காலையிலிருந்து கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வீட்டு ஜன்னலை அதிரவைத்த ஒலிபெருக்கி இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. சர்ச்சுக்குப் போகிற ஜெயசீலி வீட்டில் அந்தக் கணக்குக் கிடையாது. படித்த பேராசிரியை, பெரிய ஊர்க்காரி, அதெல்லாம் பார்க்கமாட்டார் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். தயிரையும் வெறும் சோற்றையும் தவிர அந்த வீட்டில் அவருக்குப் போட ஒன்றுமில்லை.

ஜெயசீலியின் முகத்தில் ரத்தமே இல்லை. எழப்போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். “விடுங்க டீச்சர், மானம் போகுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். போகட்டும், உட்கார் என்று நானும் பல்லைக் கடித்தேன். ஹன்னா எங்களைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த கடினமான காரியம் அதுதான். நான் ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைய அவமானம் தீர்ந்திருக்கும்; அந்தப் பெண்ணின் தேர்வும் தீர்ந்திருக்கும்.

ஹன்னா பாத்திரத்தை மூடினாள். “கொஞ்சம் இருங்க, இந்தா வந்துர்றேன்” என்று பேராசிரியையிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள். அங்கே இடுப்பளவுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மளிகைக்கடைக்காரர் வீடு. அடுத்து நாங்கள் கேட்டதெல்லாம் குரல்தான்.

“அக்கா, ஏ முத்துலட்சுமியக்கா. சாம்பார் இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“எங்க வீட்டுக்கு ஒருத்தக வந்திருக்காக. வெள்ளிக்கெழம கவிச்சி திங்க மாட்டாகளாம். அம்மா பூராம் கோழியா ஆக்கிப் போட்டாக.”

“அடி ஆத்தே. யாரு வந்திருக்கா?”

“பரிச்சை வைக்க வந்தவுக. மெட்ராஸ்காரவுக.”

“பரிச்சையா? ஒனக்கா? இந்நேரம் இங்கன நின்னு பேசிக்கிட்டு இருக்க?”

“பேசுறதுதான் பரிச்சை. நீங்க குடுத்தா நான் போவேன். கூட்டு என்ன வச்சீக? அதுலயும் கொஞ்சம் வைங்க. அப்பளம் இருக்கா? அவுகளுக்கு எலை வெறுமனா கெடக்கு, எங்கம்மா அங்கன அழுகப்போறாக.”

நான் பேராசிரியையைப் பார்த்தேன். வெறும் இலை முன் உட்கார்ந்து, கொல்லைப்பக்கம் காதைக் கொடுத்திருந்தார். வாயைப் புறங்கையால் மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின.

ஹன்னா ஒரு தூக்குவாளியும் ஒரு கிண்ணமுமாக வந்தாள். பரிமாறினாள். அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நேத்து ராத்திரி ரயிலில் தூங்கினீகளா என்றாள். பேராசிரியை போதும் என்று சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று அவர் சொன்னதும், எத்தனை வருஷமா, மாத்திரை போடுறீகளா, வீட்டுல யாரு பாத்துக்கிறாக என்று போனாள். அவர் தன் மகள் வெளிநாட்டில் இருப்பதைச் சொன்னார்; அந்த ஊர்க் குளிரைப் பற்றி இவள் சொன்னாள். தடுமாறினாள், நிறைய இடங்களில் தப்பாகச் சொன்னாள். ஆனால் நின்றுபோகவில்லை. நான் பெற்ற பிள்ளை மேடையேறிய அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

பேராசிரியை கை கழுவி வந்து துண்டில் துடைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பி, “எனக்கு இதுக்கு மேல கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தாராளமாத் தேறிட்டா,” என்றார்.

நான் ஜெயசீலியின் கையை விட்டேன். இவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்ததில் சிவந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் போய் ஹன்னாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

“உக்காரு ஆத்தா. காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ.”

ஹன்னா உட்கார்ந்தாள். ஜெயசீலி சோற்றைப் போட்டு, வழக்கம்போலக் குழம்புக்குக் கை கொண்டுபோனாள். கரண்டி பாத்திரத்துக்குள் இறங்குமுன் ஹன்னா முந்திக்கொண்டாள்.

“அம்மா, அந்தத் தொடைக்கறி எனக்கு வேணும். ரெண்டும் எனக்கு. அப்பாவுக்கு வைக்காதீக.”

ஜெயசீலி கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டாள். கேட்க விட்டால் அவமானம் என்று என்னோடு சண்டை போட்டவள். கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், கேட்டுச்சு பாத்தீகளா. எங்கிட்ட வாய் விட்டுக் கேட்டுச்சு.”

இரண்டு தொடைக்கறியையும் எடுத்து அந்த இலையில் வைத்தாள்.